தாண்டிப் போகச் சொன்ன மூன்று மதியங்கள்

ஆயுதபூஜை அன்று காலையில் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் யார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பேப்பர் சுற்றிய புத்தகம் ஒன்று.

உள்ளே ஏழெட்டு போர்வெல் வண்டிகள் குளித்து முடித்து, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. டீசல் வாசத்தோடு சாம்பிராணிப் புகை கலந்து தொண்டையில் கமறியது. பொரி மூட்டையைப் பிரித்து வைத்து யாரோ நாட்டுச்சர்க்கரை கலந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வண்டிக்கு முன்னால் முருகேசண்ணன் குனிந்து, பாறையைக் குடையும் பிட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க" என்றார்.

போன வருஷம்வரை அவருக்கு நான் 'சாமி'. "வா சாமி, உக்காரு சாமி, டீ சொல்லட்டா" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். இப்போது வெறும் 'வாங்க'. டிராஃபிக் போலீஸ்காரருக்குக் கொடுக்கிற மரியாதை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். கடை ஓனரின் டோப்பா தொடங்கி, என் சொந்தச் சித்தப்பாவின் மூன்றாவது நிச்சயதார்த்தம் வரை நான் விட்டுவைத்தது ஒன்றுமில்லை. இந்த வாரம் கிண்டல் செய்ய ஆள் நான்தான். சிரிப்பு கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் கடைப் படிப்பு

நான் பாலிடெக்னிக் முதல் வருஷம் வரை படித்தவன். இரண்டாம் வருஷத்தை நான் பார்க்கவில்லை, அதுவும் என்னைத் தேடவில்லை. வீட்டில் இரண்டு தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் உட்கார முடியாமல், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். அங்கே மெஷின் சத்தம். ஆனால் ஃபேன் உண்டு.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊரில் யார் என்ன படித்தாலும் அவன் கை வழியாகத்தான் போக வேண்டும். பத்திரம், ஜாதகம், நர்சிங் நோட்ஸ், காதல் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு வரி படித்துவிடுவேன். எதையும் முழுசாகப் படித்ததில்லை. மெஷின் பக்கத்தை இழுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் எவ்வளவு கண்ணில் படுகிறதோ அவ்வளவுதான் என் அறிவு.

அப்படித்தான் அந்த நாவலும் வந்தது. பி.ஏ. தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பாடம். வெளியே புத்தகம் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு பிரதியை வைத்து வகுப்பே ஜெராக்ஸ் எடுத்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். முழுப் புத்தகத்தை முப்பது பிரதி போட்டுக் கொடுத்தவன் பெயர் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம் பாருங்கள்.

நானூற்றுச் சொச்சம் பக்கம். கதையைச் சொல்லச் சொன்னால் ஒரு வரிதான். ஒரு பெண் உச்சி வெயிலில் ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். பஸ் வரவில்லை. அவ்வளவுதான். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் மூன்று பக்கம் ஓடும், மூச்சுவிட இடம் இருக்காது. முதல் பாகம் முடிந்தால் இரண்டாம் பாகத்தில் மறுபடியும் அதே மதியம், அதே வெயில், அதே பெண். மூன்றாவதிலும் அதேதான். நான்காவதிலும் அதேதான். ஐந்தாவது பாகம் மட்டும் நாற்பது பக்கம், கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அதுவரை போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் இல்லை.

பிள்ளைகள் கவுன்ட்டரில் நின்று புலம்பின. ஒரு பெண் அழுதே விட்டாள். நான் சும்மா இருப்பேனா?

முன்னுரையைப் படித்தேன். ஒரு பேராசிரியர் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். 'காலம் உறைந்து நிற்கிறது' என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது போதும். முதல் பாகத்தை, பிரதி ஓடும்போதே அங்கங்கே பார்த்துக்கொண்டேன். அன்றைக்கே போனில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். பெயர், 'புரியல'.

தினமும் ஒரு ஆடியோ போடுவேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அந்த அம்மாவை எங்கள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். முறுக்கு விற்பவர், டைம் கீப்பர், சில்லறை இல்லை என்று கத்தும் கண்டக்டர் எல்லாரையும் உள்ளே விட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் அண்ணன்மார் சேர்ந்தார்கள், குமாரபாளையத்தில் தறி ஓட்டுபவர்கள் சேர்ந்தார்கள், ஆத்தூரில் ஜவ்வரிசி மில் ஆட்கள்கூட வந்து சேர்ந்தார்கள். நாவலைத் தொடாதவர்களெல்லாம் நாவலைப் பற்றிப் பேசினார்கள்.

எல்லாருக்கும் பிடித்தது நான் சொன்ன ஒரு யோசனை. இரண்டு, மூன்று, நான்காம் பாகத்தைத் தாண்டிவிடுங்கள், ஒரே மதியத்தை நாலு தடவை எதற்குப் படிக்க வேண்டும், எழுதியவருக்கு மறதி, நமக்குமா என்று ஒரு ஆடியோவில் சொன்னேன். அதைத்தான் அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

அந்த மூன்று பாகத்தையும் நானே படிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

மேலே வரும் மண்

முருகேசண்ணன் நாமகிரிப்பேட்டைக்காரர். ரிக்கில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்கேயாவது பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். மகள் காவ்யா பி.ஏ. தமிழ், அழாத பெண்களில் ஒருத்தி. ஒரு நாள் அப்பாவும் மகளுமாக வந்து, நாவலில் இரண்டு பிரதி கேட்டார்கள்.

எதற்கு இரண்டு என்று கேட்டேன். "ஒண்ணு பாப்பாவுக்கு. ஒண்ணு எனக்கு சாமி" என்றார். மகள் படிக்கிற புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாம். தான் எட்டாவதோடு நின்றவன், தப்பாக நினைக்கக் கூடாது என்றார். அண்ணா, எழுதினவருக்கே புரியாத புத்தகம், நீங்கள் தைரியமாகப் படிக்கலாம் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். குரூப்பிலும் சேர்ந்துகொண்டார்.

இரண்டு மாதம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. ஒரு நாள் மதியம் எனக்குத் தனியாகப் போன் செய்தார். நாவலில் நாலு பாகம் முடித்துவிட்டாராம். நான் சொன்னபடி தாண்டவில்லையா என்று கேட்டேன்.

அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"ராடு எறக்கறப்ப எல்லா ராடும் ஒண்ணாத்தான் சாமி இருக்கும். அதே நீளம், அதே சத்தம். ராடப் பாத்துட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது. மேல என்ன மண்ணு வருதுன்னு பாக்கோணும்."

ரிக்காரர்கள் செய்கிற காரியம் அது. குழிக்குள் ஒவ்வொரு இரும்பு ராடாக இறங்கி முடிந்ததும் மேலே வரும் மண்ணில் ஒரு பிடி அள்ளி, வரிசையாகக் குவித்து வைப்பார்கள். செம்மண், சாம்பல், வெள்ளை, கறுப்பு. அந்த வரிசையைப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று டிரில்லருக்குத் தெரிந்துவிடும். இவர் நாவலையும் அப்படியே படித்திருக்கிறார். நான்கு மதியத்துக்கும் ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன மாறியிருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்.

நான் ஒழுங்கான ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருப்பேன். எனக்குக் கடையில் கூட்டம். சரிங்கண்ணா, சூப்பருங்கண்ணா என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு நிமிஷம் இருபது செகண்ட்

நாலு நாள் கழித்து அவரே குரூப்பில் கேட்டார். எல்லாரும் பார்க்கிற இடத்தில், தயங்கித் தயங்கி ஒரு ஆடியோ.

"மொதத் தடவ அந்தம்மா ஒரு கொழந்தையக் கையில புடிச்சுட்டு நிக்குதுங்க. ரெண்டாந்தடவ கொழந்தையோட செருப்பு மட்டும் கையில இருக்குது. மூணாவதுல செருப்பு பைக்குள்ள போயிருது. நாலாவதுல அதுவும் இல்ல, வலது கை மட்டும் பாதி மூடுன மாதிரியே இருக்குது. எதுக்குன்னு அந்தம்மாவுக்கே தெரியல. அந்தக் கொழந்த எங்கீங்க போச்சு?"

எந்தக் குழந்தை? நான் பார்த்த வரையில் குழந்தையே கிடையாது. முன்னுரையில் பேராசிரியரும் சொல்லவில்லை. குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் பேர் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

புத்தகம் கடையில் என் காலடியில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் மைக் பட்டனை அழுத்தினேன்.

அந்த ஆடியோ ஒரு நிமிஷம் இருபது செகண்ட். அதில் கடைசி வரி இது.

"நாவல்ல கொழந்தையே இல்லீங்கண்ணா. போர் போடறவங்களுக்கு எதத் தொறந்தாலும் கொழந்த காணாமப் போன நெனப்புத்தான் வரும்போல. ஏனுங்கண்ணா, குழிய ஒழுங்கா மூடிட்டு வந்தீங்களா?"

முதலில் ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டான். பின்னாலேயே எல்லாரும் போட்டார்கள்.

முருகேசண்ணன் இரண்டு வரி எழுதினார். தெரியாமல் கேட்டுவிட்டேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வரியில் அவர் குரூப்பிலிருந்து வெளியேறியதாகப் போன் சொன்னது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ரிக்காரர்களிடம் எதைச் சொல்லி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். தண்ணீர் வராததைச் சொல்லலாம், இந்தியில் பேசித் தடுமாறுவதைச் சொல்லலாம். மூடாத குழியைச் சொல்லக் கூடாது. முருகேசண்ணனைப் பற்றிக் காவ்யா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். போர் பொய்த்துப்போனால் தோட்டக்காரர் துக்கத்தில் எழுந்து போய்விடுவாராம். வண்டியும் கிளம்பத் தயாராக நிற்குமாம். இவர் மட்டும் போக மாட்டார். குழாய் வாய்க்கு மூடி போட்டு, மேலே கல்லைத் தூக்கி வைத்து, அதன்மேல் ஏறி நின்று மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்.

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

காவ்யா

மூன்று வாரம் கழித்துக் காவ்யா கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, மெஷின் ஓடும்போது பேசினாள்.

வகுப்பில் நாவலைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பாவின் நாலு கட்டத்தை வைத்து எழுத இருந்தாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். தனக்குத்தான் இல்லாதது கண்ணில் பட்டிருக்கிறது, ஜெராக்ஸ் கடைத் தம்பி சொல்வதை எழுது என்றாராம். அவளும் எழுதினாள், காலம் உறைந்து நிற்கிறது என்று. மிஸ் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். குழந்தையைப் பற்றி ஏன் யாருமே எழுதவில்லை?

மெஷின் நின்றது. நான் பிரதிகளை அடுக்குவது போல் நடித்தேன்.

"மார்க்கு போனாப் போகுதுங்கண்ணா" என்றாள். "அப்பா தெனமும் மத்தியானம் சோறு உங்கற நேரத்துக்குக் கூப்புடுவாரு. சாப்ட்டியா, பஸ் கெடச்சுதா, போன வெச்சரட்டா, அவ்ளோதான் பேச்சு. இந்தப் பொஸ்தகம் வந்தப்புறம் அரைமணி நேரம் பேசுனாரு. நாங்க ரெண்டு பேரும் அப்படிப் பேசுனதே இல்ல. இப்ப மறுபடியும் சாப்ட்டியா, பஸ் கெடச்சுதா தான்."

அப்பாவிடம் இருந்த பிரதி என்ன ஆனது என்று கேட்டேன். கடைசி நாற்பது பக்கம் பாக்கி இருக்கும்போதே, கிரீஸ் துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள் என்று வண்டியில் கொடுத்துவிட்டாராம்.

அவள் போன பிறகு வெகுநேரம் மெஷின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஓனர் திட்டினார்.

பதினோரு நாள்

அப்புறம்தான் நான் அந்த நாவலைப் படித்தேன். மதியத்தில், கரண்ட் இல்லாத நேரத்தில், கூட்டம் இல்லாதபோது. பதினோரு நாள் ஆனது.

குழந்தை பதினோராம் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று பக்க வாக்கியம் ஒன்றின் நடுவே, 'சுண்டு விரலைப் பிடித்தபடி' என்று ஒரு இடத்தில் வருகிறது. பேர் கிடையாது, பேச்சு கிடையாது. பஸ்ஸைத் தேடுகிற கண்ணுக்கு அது தெரியாது. நானும் பஸ்ஸைத்தான் தேடியிருக்கிறேன்.

இந்த மாதிரி நாவலை எப்படிப் படிப்பது என்று யாராவது இப்போது கேட்டால், ஆடியோ போட மாட்டேன். வாக்கியம் நீளமாக இருந்தால் வாயால் படித்துப் பாருங்கள், எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே அந்த அம்மாவுக்கும் முட்டுகிறது. புரியாத பக்கத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். சொன்னதையே சொன்னால் தாண்டாதீர்கள். போன தடவை இருந்த ஒன்று இந்தத் தடவை இல்லாமல் போயிருக்கும், அதுதான் கதை. இதில் ஒன்றுகூட என் சொந்தச் சரக்கு இல்லை. எட்டாவது படித்த ஒரு டிரில்லர் ஒரு மதியம் போனில் சொன்னதுதான்.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டு ஆடியோ போட்டேன். முருகேசண்ணன் சொன்னதுதான் சரி, நான் படிக்காமலே பேசினேன் என்று. நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவன், அடுத்த நாவல் எப்போது ப்ரோ என்று கேட்டான். அவர்தான் குரூப்பில் இல்லையே. யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. குரூப்பைக் கலைத்தேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுப்பார். பரவாலீங்க, அதெல்லாம் மறந்தாச்சுங்க, வேலை இருக்குதுங்க என்பார். ஒவ்வொரு வரியிலும் ஒரு 'ங்க'.

அதனால்தான் சேலம் போய், நாலு கடை ஏறி இறங்கி, நாவலின் நல்ல பிரதி ஒன்றை வாங்கினேன். மழைக்கு ஊர் திரும்பும் ரிக்குகள் ஆயுதபூஜை முடிந்த மறுநாள்தான் கிளம்பும் என்று எனக்குத் தெரியும்.

யார்டில்

புத்தகத்தைக் கொடுத்தேன். பேப்பரைப் பிரித்து அட்டையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொழந்த இருக்குதுங்கண்ணா. பதினோராம் பக்கத்துலயே இருக்குது. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "நான் அன்னிக்குப் படிக்காமயே பேசிட்டேன். அந்தக் குழி பேச்சும் பேசியிருக்கக் கூடாது."

அவர் கையில் இருந்த குங்குமத்தை வேட்டியில் துடைத்தார். பக்கத்து வண்டியில் யாரோ ஹாரனைச் சோதித்துப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடசீல கெடைச்சுதா சாமி?"

சாமி. இத்தனை மாதமும் அவர் மனசில் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள், கை பாதி மூடியபடி. கிரீஸ் துடைக்கக் கொடுத்த பிறகும்.

எனக்குப் பதில் தெரியும். இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஊருக்கெல்லாம் கதையைச் சுருக்கிச் சொல்லித்தானே இவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன்? இவ்வளவு தூரம் தானே இறங்கிய மனுஷன், கடைசி நாற்பது பக்கத்தையும் தானே இறங்கிப் பார்க்கட்டும், அதுதான் அவருக்கு மரியாதை என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை அடக்கினேன்.

"அத நீங்களே படிச்சுப் பாருங்கண்ணா" என்றேன்.

சொல்லும்போது சிரித்துத் தொலைத்தேன். எனக்கு வேறு முகம் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நர்சிடம் இந்த முகத்தோடுதான் பேசினேன்.

அவர் முகம் அப்படியே மூடிக்கொண்டது. வாய்விட்டுக் கேட்டு மறுபடியும் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்த முகம்.

"ஆகட்டுங்க" என்றார்.

"அண்ணா, நான் கிண்டலுக்குச் சொல்லலீங்க…"

"அட, இருக்கட்டுங்க. நல்ல நாளும் அதுவுமா."

புத்தகத்தை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குனிந்து, வாழையிலையில் பிட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே வைத்தார். அட்டையில் சந்தனம் வைத்து, அதன் மேல் ஒரு பொட்டு வைத்தார். நான் கையை நீட்டி, அந்தப் பதினோராம் பக்கத்தை மட்டும் காட்டிவிடுகிறேன் என்றேன். பூஜையில் வைத்த புத்தகத்தை இன்றைக்குத் தொடக் கூடாது என்றார். அதுவும் சரிதான், எங்கள் வீட்டிலும் அன்றைக்குத் தறி ஓடாது, பிள்ளைகள் புத்தகம் தொடாது. பொரி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போனேன். ராத்திரி முழுக்க யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவாகியிருந்தது. தன் படிப்பைச் சோதிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. குழந்தை கிடைத்ததா என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

யார்டு கேட்டைத் தாண்டி வண்டி ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழ வாசம் அடித்தது. பின்னால் கம்ப்ரசர் வண்டி. பூசணிக்காய்ச் சிதறலில் வழுக்காமல் கேபின் பக்கமாக ஓடினேன். அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கிக் கத்தினேன். கடைசிப் பாகத்தில் நடப்பதை இரண்டு வரியில், நின்று மூச்சுவிடாமல், முழுசாகச் சொன்னேன்.

இன்ஜின் சத்தத்தில் அவர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். கோபமில்லாமல், மரியாதையாகச் சிரித்தார்.

"கேக்கலீங்க" என்றார். "வந்து பேசிக்கலாமுங்க."

வண்டி கியர் மாறியது. போனில் சொல்லலாம் என்றால், பரவாலீங்க, வேலை இருக்குதுங்க என்று வைத்துவிடுவார். ரிக் ஒரு தடவை போனால் பத்து மாதம்.